நாற்பத்திரண்டு புள்ளியும் ஒரு பச்சைக் காரும்

1969 மே 5. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் ஃபோரம் அரங்கம். கூரையில் வலை கட்டி, அதற்குள் பலூன்களை அடைத்துவைத்திருந்தார்கள். லேக்கர்ஸ் அணி என்.பி.ஏ. கூடைப்பந்துக் கோப்பையை வென்றதும் வலையை அவிழ்த்துவிடுவது உரிமையாளர் ஜாக் கென்ட் குக்கின் ஏற்பாடு. எதிரணியான பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர்களும் அண்ணாந்து பார்த்து அந்தப் பலூன்களைக் கண்டுவிட்டுத்தான் ஆடுகளத்துக்கு வந்தார்கள்.

ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடர் 3-3 எனச் சமமாகி நின்றது. லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட் தொடரின் முதல் ஆட்டத்திலேயே 53 புள்ளி அடித்தவர். ஐந்தாம் ஆட்டத்தில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஏழாம் ஆட்டத்துக்கு இறங்கினார். 42 புள்ளி, 13 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பந்தைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (சகவீரர் கூடை போடப் பந்தைத் தருவது). எந்தக் காலத்துக்கும் இது பிரமாதமான கணக்கு. கடைசி நிமிடங்களில் லேக்கர்ஸ் ஒரு புள்ளி வித்தியாசம்வரை நெருங்கியது. அப்போது செல்டிக்ஸின் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, செங்குத்தாக எழும்பி, நேராகக் கூடைக்குள் விழுந்தது. 108-106. பலூன்கள் கூரையிலேயே கிடந்தன.

வென்ற அணியின் தூண் பில் ரஸ்ஸல். அவர் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும்கூட. அவருடைய கடைசி ஆட்டம் அது. 13 பருவங்களில் பதினோராவது கோப்பை. அன்று அவர் அடித்தது வெறும் 6 புள்ளி. ரீபவுண்ட் மட்டும் 21.

தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற வெஸ்டுக்குப் போனது. அந்த விருது தொடங்கிய முதல் ஆண்டு அதுதான். தோற்ற அணியிலிருந்து ஒருவர் அதைப் பெற்றது அன்றும் அதற்குப் பிறகும் அந்த ஒரு முறைதான். பரிசாக ஒரு கார் கொடுத்தார்கள். அதன் நிறம் பச்சை. பச்சைதான் செல்டிக்ஸின் நிறம் என்பதைக் கார் கொடுத்தவர்கள் யோசித்தார்களா, தெரியாது. வெஸ்ட் அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

பெரிய ஆட்டம் என்று வந்துவிட்டால் நட்சத்திர வீரர் ஒருவர் தன் அணியைத் தனியாளாகக் கரையேற்ற முடியுமா? ரசிகர்களைக் கேட்டால் சண்டை வரும். கணக்கைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில், இந்தக் கேள்வி கூடைப்பந்தில் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது? கிரிக்கெட்டில் எப்பேர்ப்பட்ட பேட்ஸ்மேனும் அவுட்டானால் எழுந்து போக வேண்டும். எத்தனை சிறந்த பந்துவீச்சாளரும் அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீச முடியாது. பேஸ்பாலில் ஒன்பது பேர் முறைவைத்து மட்டையைப் பிடிக்கிறார்கள். கூடைப்பந்தில் அப்படியொரு முறை கிடையாது. ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் பந்தை எறிந்தாலும் விதி தடுக்காது. களத்தில் இருப்பது ஐந்தே பேர். ஆட்டம் 48 நிமிடம். சிறந்த வீரர் நாற்பது நிமிடத்துக்கு மேலும் களத்தில் நிற்கலாம். ஒரு ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஏறக்குறைய நூறு தாக்குதல் வாய்ப்பு கிடைக்கிறது. பந்து கைக்கு வந்து, கூடையில் விழுந்தோ தவறியோ மறுபக்கம் போகும்வரை ஒரு வாய்ப்பு. ஐந்து பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு இருபது. நட்சத்திரங்கள் முப்பது, முப்பத்தைந்து எடுத்துக்கொள்வார்கள். 2016-17 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், தான் களத்தில் இருந்த நேரத்தில், நூற்றுக்கு 41.7 எடுத்துக்கொண்டார். அது அன்று புதிய சாதனை.

சரி, நல்ல ஆட்டக்காரர் கையில் பந்து அதிகமாக இருந்தால் அணிக்கு லாபம்தானே? இங்கேதான் சிக்கல்.

டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் கூடைப்பந்துப் புள்ளிவிவரத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 2004-இல் வெளியான அவருடைய நூலில் ஒரு வளைகோடு வரும். ஒரு வீரர் எத்தனை வாய்ப்புகளை எடுத்துக்கொள்கிறாரோ, அதற்கேற்ப ஒவ்வொரு வாய்ப்பின் விளைச்சலும் குறைந்துகொண்டே போகும். காரணம் எளிது. குறைவாக எறிபவர் தோதான நேரத்தில் மட்டும் எறிவார். எண்ணிக்கை கூடக் கூடத் தோதில்லாத கோணத்திலிருந்தும், இரண்டு பேர் மறித்து நிற்கும்போதும், மூச்சு வாங்கும்போதும் எறிய வேண்டிவரும். எதிரணிக்கும் தெரிந்துவிடும், பந்து யாரிடம் போகும் என்று.

ஒரு கற்பனை அணியை எடுத்துக்கொள்வோம். எண்கள் என்னுடையவை, கூட்டிக் கழிக்க வசதியாக வைத்திருக்கிறேன். சாதாரண வீரர்கள் ஒரு வாய்ப்புக்கு 1 புள்ளி எடுக்கிறார்கள். நட்சத்திரம் 100-இல் 30 வாய்ப்பை எடுத்தால் ஒவ்வொன்றிலும் சராசரி 1.15 புள்ளி. 40 எடுத்தால் 1.10. 50 எடுத்தால் 1.05. 60 எடுத்தால் 1.00.

30 எடுக்கும்போது அவர் அடிப்பது 34.5 புள்ளி, மற்றவர்கள் 70, அணிக்கு 104.5. 40 எடுத்தால் அவருக்கு 44, அணிக்கு 104. 50 எடுத்தால் அவருக்கு 52.5, அணிக்கு 102.5. அறுபதுக்குப் போனால் அவர் அடிப்பது 60 புள்ளி. மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கமே அவர்தான். அணிக்கோ 100. அதாவது அவரே இல்லாத அணி எடுக்கும் அதே நூறு.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அவர் 40 வாய்ப்பு எடுக்கும் கட்டத்திலும் அவருடைய சராசரி 1.10, மற்றவர்களுடையது 1.00. வெளியே உட்கார்ந்திருப்பவர், 'அவர்தானே சிறந்தவர், இன்னும் அவரிடமே கொடுங்கள்' என்பார். சராசரியைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் முப்பதிலிருந்து நாற்பதுக்குப் போன அந்தக் கடைசிப் பத்து வாய்ப்புகளில் அவர் கூடுதலாகச் சேர்த்தது 9.5 புள்ளி. அதே பத்தை மற்றவர்களிடம் விட்டிருந்தால் 10 கிடைத்திருக்கும். முதலாம் ஆண்டு பொருளாதார மாணவர்களை விரட்டும் இறுதிநிலைக் கணக்குதான் இது. கூடைப்பந்து அரங்கிலும் வந்து நிற்கிறது.

2010-இல் பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியல் ஆய்வாளர் இதே சிக்கலைப் போக்குவரத்து நெரிசலாகப் பார்த்தார். ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் 1968-இல் ஒரு விசித்திரத்தைக் காட்டியிருந்தார். ஓர் ஊரில் புதிதாக ஒரு விரைவுச் சாலை போட்டால் எல்லோருடைய பயணமும் தாமதமாகிவிடலாம். ஒவ்வொருவரும் தனக்கு எது வேகம் என்று பார்த்து அந்தச் சாலையில் ஏறுவதால் வரும் வினை. சாலையை மூடினால் எல்லோரும் சீக்கிரம் வீடு போவார்கள். ஸ்கின்னர் கேட்டது: கூடையை நோக்கிய ஒவ்வொரு தாக்குதலும் ஒரு பாதை என்றால், நட்சத்திர வீரர்தான் அந்த விரைவுச் சாலையோ? ஒவ்வொரு முறையும் 'இருப்பதில் சிறந்த பாதை' என்று அவரிடமே பந்தைக் கொடுத்தால் அங்கே நெரிசல்தான் மிஞ்சும். நட்சத்திரம் காயம்பட்டு வெளியே போனதும் சில அணிகள் நன்றாக ஆடுவதைப் பார்த்து ரசிகர்கள் தலையைச் சொறிவதுண்டு. அந்தப் புதிருக்கு இப்படியும் ஒரு விடை இருக்கலாம் என்றார்.

வரலாற்றில் இதற்குப் பெரிய சாட்சி வில்ட் சேம்பர்லின். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி அடித்தவர். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 50.4, ஆட்டத்துக்குச் சுமார் 39 முறை எறிந்தார். கோப்பை கிடைக்கவில்லை. செல்டிக்ஸிடம் ஏழாம் ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் போனது. ஐந்து ஆண்டு கழித்து, 1966-67-இல், பயிற்சியாளர் அலெக்ஸ் ஹேனமின் பேச்சைக் கேட்டு எறிவதைக் குறைத்தார். ஆட்டத்துக்குச் சுமார் 14 முறைதான். சராசரி 24.1. ஆனால் எறிந்ததில் நூற்றுக்கு 68 உள்ளே போனது, அசிஸ்ட் கிட்டத்தட்ட எட்டு. அணிக்கு 68 வெற்றி, 13 தோல்வி, கையில் கோப்பை. கூட ஆடியவர்களும் இந்த முறை மேலானவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாக இருக்காது. ஆனால் மேலானவர்கள் பக்கத்தில் இருக்கும்போது சுமையை இறக்கிவைக்கத் தெரிய வேண்டுமே.

பக்கத்தில் யாருமே இல்லையென்றால்?

2015 இறுதித் தொடர். லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ், அந்தப் பருவத்தில் 67 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை எதிர்கொண்டது. கெவின் லவ் தோள்பட்டைக் காயத்தால் முன்பே வெளியே. முதல் ஆட்டத்திலேயே கைரி இர்விங்கின் முழங்கால் சில்லு உடைந்தது. லெப்ரானோடு சேர்த்து மூவர் தாங்க வேண்டிய பாரம் ஒருவர் தலையில் விழுந்தது. முதல் ஆட்டத்தில் 44 புள்ளி, தோல்வி. இரண்டாவதில் 39, வெற்றி. மூன்றாவதில் 40, வெற்றி. 2-1 என்று கிளீவ்லேண்ட் முன்னால். உலகமே வாய்பிளந்தது.

தொடர் முடிவில் லெப்ரானின் சராசரி 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். ஆறு ஆட்டத்தில் 196 முறை எறிந்தார். உள்ளே போனது நூற்றுக்கு நாற்பதுக்கும் சற்றுக் குறைவு. 'இவ்வளவு தவறவிட்டிருக்கிறாரே' என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. நம் கற்பனை அணிக்குத் திரும்பிப் போய், மற்றவர்களின் விளைச்சலை 1-லிருந்து 0.9 ஆகக் குறைத்துப் பாருங்கள். நட்சத்திரம் எடுக்க வேண்டிய சரியான பங்கு 30-லிருந்து 40-க்கு ஏறிவிடும். பாதைகள் எல்லாம் அடைபட்ட ஊரில் நெரிசலான சாலையில்தான் போயாக வேண்டும். என் பார்வையில் லெப்ரான் அன்று செய்தது சரி. அதன் விலை நூற்றுக்கு நாற்பது. அதற்கு மேல் போராடிப் பயனில்லை.

எதிர்ப்பக்கம் நடந்தது இன்னும் சுவாரசியம். வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ரின் உதவியாளர்களில் நிக் யூரென் என்று ஓர் இளைஞர். முந்தைய ஆண்டின் இறுதித் தொடரை ஓட்டிப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நான்காம் ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு, அந்தப் பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தொடங்காத ஆந்த்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார்கள். உயரம் குறைந்தது, வேகம் கூடியது. லெப்ரான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 103-82 என்று வாரியர்ஸ் வென்றது. அதன் பிறகு கிளீவ்லேண்ட் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது லெப்ரானுக்கு எதிரில் நின்று அவரைக் களைக்கவைத்த இகுவடாலாவுக்கே போனது. ஒரு மனிதர் சுமக்கும் அணிக்கு எதிராக, மாற்றிப் பார்க்க நான்கைந்து வழி உள்ள அணிக்கு அவகாசம் கிடைத்தால் போதும்.

இங்கே 'ஆட்டம்', 'தொடர்' என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கற்பனை நட்சத்திரம் சரியான அளவில் ஆடி அணிக்குத் தருவது ஆட்டத்துக்கு 4.5 புள்ளி. என்.பி.ஏ. ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் எதிர்பார்ப்பிலிருந்து ஏறக்குறைய 12 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். அந்த ஊசலாட்டத்தில் 4.5 புள்ளிச் சாதகம் என்பது நூறு ஆட்டத்துக்கு 65 வெற்றி. முப்பத்தைந்து ஆட்டங்களில் அவர் இருந்தும் அணி தோற்கும். ஏழு ஆட்டத் தொடரில் அதே 65, எண்பதாக வளர்கிறது. ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டம் கரைகிறது. ஆனால் சாதகம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது இது. 2015-இல் லெப்ரானைப் போல, ஒட்டுமொத்த அணியாகப் பின்தங்கியிருப்பவர் ஓரிரவு மேதைமையால் ஒரு ஆட்டத்தைப் பறிக்கலாம். நான்கு முறை பறிப்பது கடினம். 2001 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஆலன் ஐவர்சன் 48 புள்ளி அடித்து, அதுவரை கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் ஒரு ஆட்டமும் தோற்காத லேக்கர்ஸை வீழ்த்தினார். அடுத்த நான்கையும் லேக்கர்ஸ் வென்றது.

வெஸ்ட்புரூக்குக்கும் இதே கதை, இன்னும் கொடூரமாக. 2017 பிளேஆஃப் முதல் சுற்றில் ஹூஸ்டனுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் 51 புள்ளி, 10 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். 43 முறை எறிந்தார். கடைசிக் கால் பகுதியில் மட்டும் 18 முறை எறிந்து நான்கைத்தான் போட்டார். தோல்வி. ஐந்தாம் ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்த 42 நிமிடத்தில் அணி 12 புள்ளி முன்னிலை. அவர் மூச்சுவாங்க உட்கார்ந்த ஆறே நிமிடத்தில் 18 புள்ளி பின்னால். 105-99, தொடரும் முடிந்தது. 'அவர் எறிந்தே கெடுத்தார்' என்பவருக்கு முதல் கணக்கு சாட்சி. 'அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை' என்பவருக்கு இரண்டாவது சாட்சி. இரண்டுமே உண்மை. ஒருவரையே நம்பிப் பழகிய அணி, அவர் உட்கார்ந்ததும் தாக்குதலை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் நின்றது.

இப்படித் தோற்ற வீரர்களை மட்டும் வரிசையாக அடுக்குவதில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது, நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அணி தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் நட்சத்திரம் அதிகம் எறிகிறார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு நீண்டால் புள்ளியும் நீளும். 1986-இல் பாஸ்டனுக்கு எதிராக மைக்கேல் ஜோர்டன் 63 அடித்துத் தோற்ற ஆட்டம் இரண்டு முறை நீண்டது. ஆகவே 'அதிகம் அடித்தார், அதனால் தோற்றார்கள்' என்று காரணத்தைத் தலைகீழாக மாட்டக் கூடாது. காய்ச்சல்காரர் வீட்டில் மருந்துச் சீசா அதிகம் இருக்கும். மருந்தாலா காய்ச்சல் வந்தது?

தவிர, கரையேற்றியவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜூலை 20, மில்வாக்கி. இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் யானிஸ் அன்டெட்டோகூன்போ 50 புள்ளி, 14 ரீபவுண்ட், 5 பிளாக். அந்த பிளேஆஃப் முழுவதும் ஃப்ரீ த்ரோவில் தடுமாறி, எதிரணி ரசிகர்கள் அவர் எறியும் முன் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக் கிண்டல் செய்த ஆள். அன்று 19 ஃப்ரீ த்ரோவில் 17-ஐப் போட்டார். 105-98. மில்வாக்கிக்கு 50 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

அந்த 17-ஐ எப்படி விளக்குவது? அழுத்தமான நேரத்தில் நட்சத்திரங்கள் தனி ரகமாக மாறிவிடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வு அவ்வளவு தாராளமாக இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் காவ், பிரைஸ், ஸ்டோன் ஆகியோர் என்.பி.ஏ. ஃப்ரீ த்ரோக்களைத் துருவினார்கள். நெருக்கமான ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் வீரர்கள் வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளி குறைவாகவே போடுகிறார்கள். யாரும் மறிக்காத, தூரம் மாறாத எறிதல் அது. அதிலேயே கை நடுங்குகிறது. யானிஸின் அந்த இரவை மனவலிமை என்றும் சொல்லலாம், 19 எறிதல் என்பது மிகச் சின்ன மாதிரி என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் முதலாவதை நம்பத்தான் மனம் போகிறது.

பிறர் கை நடுங்குவதும் நட்சத்திரத்தின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. 2018 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் லெப்ரான் 51 அடித்தார். 107-107 என்ற நிலையில், 4.7 வினாடி மிச்சமிருக்க, அவருடைய அணித்தோழர் ஜார்ஜ் ஹில்லின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ தவறியது. ரீபவுண்டைப் பிடித்த இன்னோர் அணித்தோழர் ஜே.ஆர். ஸ்மித் கூடைக்குக் கீழிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடினார். நேரம் முடிந்தது. லெப்ரான் இரு கையையும் விரித்து அவரைப் பார்த்து நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கூடுதல் நேரத்தில் தோல்வி.

ஜோர்டனின் ஆறு கோப்பைகளை எடுத்துக்கொண்டு வாதிடுபவர்கள், 1991-க்கு முன்னாலும் அவர் அதே ஜோர்டன்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1988, 89, 90 என மூன்று ஆண்டு தொடர்ந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அவரை மடக்கிப்போட்டது. பந்து அவரிடம் வந்ததும் கூட்டமாகச் சூழ்ந்துகொள்வது அவர்கள் உத்தி. ஒருவரை மறித்தால் அணியை மறித்த மாதிரி. ஜோர்டன் அணியின் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் முக்கோணத் தாக்குதலைக் கொண்டுவந்து பந்தைப் பலர் கைக்குப் பரப்பினார். 1991 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஜோர்டனைச் சூழக் கூட்டம் வந்தபோது, தனியே நின்ற அணித்தோழர் ஜான் பாக்ஸனுக்குப் பந்து போய்க்கொண்டே இருந்தது. பாக்ஸன் அன்று 20 புள்ளி. முதல் கோப்பை. சூழ்ந்துகொண்ட கூட்டத்தையே ஜோர்டன் அணியின் சொத்தாக மாற்றிக்கொண்டார். பத்திரிகையின் புள்ளிக் கட்டத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

வெஸ்டிடம் திரும்புவோம். 1969-க்குள் செல்டிக்ஸிடம் மட்டும் இறுதித் தொடரில் ஆறு முறை தோற்றிருந்தார். 1970-இல் நியூயார்க்கிடமும் தோற்றார். 1971-72 பருவம் தொடங்கியபோது அவருக்கு 33 வயது. கூட ஆடிய மேதை எல்ஜின் பெய்லர், முழங்கால்கள் தேய்ந்துபோய், ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வை அறிவித்தார். அவர் இல்லாமல் ஆடிய அடுத்த ஆட்டத்தை, நவம்பர் 5 அன்று, லேக்கர்ஸ் வென்றது. அதற்கடுத்ததையும். அதற்கடுத்ததையும். தொடர்ந்து 33 வெற்றி. இன்றுவரை யாரும் தொடாத சாதனை. பெய்லர் சுமையாக இருந்தார் என்று இதற்கு அர்த்தம் சொன்னால் அது அநியாயம். ஒரு பழைய நெடுஞ்சாலை மூடப்பட்டது, வண்டிகள் வேறு தெருக்களைக் கண்டுபிடித்தன, அவ்வளவுதான். வெஸ்டும் அந்தப் பருவத்தில் எறிவதைவிடப் பந்தைப் பிறருக்குத் தருவதில் பேர்பெற்றார்; அசிஸ்டில் லீக்கிலேயே முதலிடம்.

இறுதித் தொடரில் மறுபடி நியூயார்க். வெஸ்டுக்கு எதுவும் உள்ளே போகவில்லை. நூறு முறை எறிந்தால் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றுதான். சராசரி இருபதைக்கூட எட்டவில்லை. அவர் ஆடிய இறுதித் தொடர்களிலேயே படுமோசமானது இதுதான். அணித்தோழர் கெய்ல் குட்ரிச் அடித்தார், அப்போது லேக்கர்ஸில் ஆடிய சேம்பர்லின் கூடைக்குக் கீழே மலைபோல் நின்றார். ஐந்தே ஆட்டத்தில் தொடர் முடிந்தது, லேக்கர்ஸ் கையில் கோப்பை. வெஸ்டின் வாழ்க்கையில் ஆட்டக்காரராக அவர் வென்றது அந்த ஒன்றுதான். சிறந்த ஆட்டக்காரர் விருது சேம்பர்லினுக்குப் போனது. வெஸ்டுக்கு அந்த முறை கார் இல்லை.